நின்று நின்று கேட்கும் சத்தம்

கரண்ட் போனால் நின்றுவிடும் என்றுதான் லில்லி புஷ்பம் நம்பியிருந்தாள். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு வேலை என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்துவார்கள், மத்தியானம் இரண்டுக்குத்தான் திரும்ப வரும். பாளையங்கோட்டையில் அவள் தெருவுக்கு இன்றைக்கு முறை. மற்ற மாதங்களில் எட்டரைக்குள் அரைக்க வேண்டியதை அரைத்து, தொட்டியில் தண்ணீர் ஏற்றி, வாய் ஓயாமல் திட்டித் தீர்க்கிற நாள் அது. இந்த மாதம் அதற்காக நேற்றிலிருந்து காத்துக் கிடந்தாள். ஒன்பதுக்கு மேல் இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் வேகம் குறைந்து, கடைசிச் சுற்றை முடிக்க மனசில்லாததுபோல் பாதியில் நின்றது. பிரிட்ஜ் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு அடங்கியது. எதிர்வீட்டு டீவியில் யாரோ ஒருத்தி அழுதுகொண்டிருந்தவள் அழுகையின் நடுவிலேயே அறுந்துபோனாள். தெரு முழுக்க ஒரு பெரிய மூச்சு வெளியேறியதுபோல் இருந்தது. இனி ஒன்றும் இல்லை, பார், ஒன்றும் இல்லை என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டு நாற்காலியின் கையைப் பிடித்தபடி நின்றாள். அந்த வெறுமைக்குள்ளிருந்து, எங்கிருந்து என்று சொல்ல முடியாத ஒரு மூலையிலிருந்து, அது வந்தது. ஊசியில் நூல் கோத்து மெல்ல இழுக்கிறமாதிரி ஒரு கீச்சு. இழுத்தது, நின்றது. மறந்துவிடலாம் என்று நினைக்கிற அளவுக்குப் பொறுத்திருந்து மறுபடி இழுத்தது.

அப்படியானால் மிஷின் எதுவும் இல்லை. மிஷின் இல்லை என்றால் வீடு, வீடும் இல்லை என்றால் தன் காது. அந்தக் கடைசி இடத்துக்குப் போக லில்லிக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. முப்பத்திரண்டு வருஷம் மில்லில் நூற்புப் பிரிவில் மேஸ்திரியாக நின்ற மனுஷன். ஓய்வுபெற்று வந்த புதிதில் சாப்பிட உட்கார்ந்தவர் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, "லில்லி, உள்ள கதிர் ஓடுது" என்றார். எந்த உள்ளே என்று அவள் சமையலறையை எட்டிப் பார்த்தாள். காதுக்கு உள்ளே, மில்லில் நூல் சுற்றுகிற கதிர். மில் அவரை வெளியே அனுப்பிவிட்டதே தவிர, அவர் காதை விட்டு அது வெளியேறவில்லை. பிறகு அதுவும் நின்று, கதவு சாத்தினமாதிரி எல்லாம் நின்று, பதினோரு வருஷமாக ஆசீர்வாதம் என்கிற அந்த மனுஷன் ஒரு கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு ஒன்பதாம் நாள். அவர் இறந்த மூன்றாம் நாள் ஜெபம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள். மகள் ஷீபா மட்டும் நேற்றுவரை இருந்து, நேற்று மத்தியானம் ஓசூருக்கு பஸ் ஏறினாள். அவள் போய்ச் செருப்பு விடுகிற இடம் வெறுமையான பிறகுதான் லில்லிக்கு முதல் தடவை இந்தக் கீச்சு கேட்டது. வீடு நிறைய ஆள் இருந்தபோதும் இருந்திருக்குமோ என்னமோ, யாருக்குக் கேட்டிருக்கும். கேட்டிருக்காது. இந்த வார்த்தை வந்ததும் அவள் மனசு வழக்கமாகச் சிக்குகிற முள்ளில் போய்ச் சிக்கிக்கொண்டது. கேட்டிருக்காது. ஒன்பது நாளாக அவள் அதைத்தான் தின்று, அதைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்குக் காலையில் அவள் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது.

சொன்னது ஒன்றும் புதிதில்லை. மூன்று நாள் அவருடைய இருமலில் அவளுக்குத் தூக்கமில்லை, கண் எரிந்தது. துவைத்து விரித்த விரிப்பில் அவர் காப்பியைச் சிந்தினார். ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே, முகத்தைத் தாய்முகமாக வைத்துக்கொண்டு, "நீங்க போய்ச் சேந்தாத்தான் நான் நிம்மதியாத் தூங்குவேன்" என்றாள். அந்த முகம்தான் அவளுடைய வித்தை. பதினோரு வருஷத்தில் படிந்துபோன பழக்கம் அது. காது கேட்காதவர்கள் முகத்தைப் படிப்பார்கள். ஆகவே முகத்தைப் பூப்போல வைத்துக்கொண்டால் வாயால் எதையும் சொல்லலாம். முதலில் சின்னச் சின்ன முனகல்தான். பிறகு வாய் பழகிவிட்டது. நாற்பத்தோரு வருஷத்துக் கணக்கையும் எடுத்து, உப்புப் போட்டு, புளி கரைத்து, அவர் முன்னாலேயே தாளித்துக் கொட்டினாள். கட்டிக்கொண்டு வந்த நாளில் மாமியார் சொன்ன சொல், ஷீபா பிறந்தபோது அவர் ஷிப்டு மாற்றிக்கொண்டு வராதது, அவள் பி.ஏ. படித்த படிப்பு அரிசி டப்பாவுக்குள் செத்தது. எல்லாவற்றையும் சிரித்தமுகமாகச் சொல்லிவிட்டு, "இன்னொரு தோசை போடட்டுமா" என்று மாவுக்கரண்டியைத் தூக்கிக் காட்டுவாள். அவர், "சரி" என்பார். எதற்கும் சரிதான். கேட்காதவர்களுக்கு வசதியான சொல் அது. "அண்ணனுக்கு வயசென்ன?" என்று ஒருமுறை புதிதாக வந்த பாதிரி ஐயர் கோயில் வாசலில் கேட்டபோதுகூட, "சரிங்கய்யா" என்றார். ஐயர் அவளைப் பார்த்தார், அவள் வானத்தைப் பார்த்தாள். இந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத சுதந்திரம் தனக்குக் கிடைத்திருக்கிறது என்று சில சாயங்காலங்களில் அவளுக்குக் கர்வமாகக்கூட இருந்தது. அன்றைக்கும் அவர் அப்படித்தான் நிமிர்ந்து பார்த்து, "சரி" என்றார்.

மறுபடி இழுத்தது. இப்போது சமையலறைப் பக்கம் என்று தோன்றியது. சிலிண்டரின் கழுத்தில் காதை வைத்துப் பார்த்தாள், மூக்கை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. குழாயைத் திருகி இறுக்கினாள். குக்கரின் மூடியைத் திறந்தாள், என்ன நினைத்துத் திறந்தாள் என்று தெரியவில்லை, உள்ளே நேற்றைய சோறு. ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று ஒன்பது நாளாகியும் கைக்குத் தெரியவில்லை. ஜன்னல் வலையைத் தட்டினாள். சுவர்க்கடிகாரத்தை இறக்கிக் காதோடு வைத்தாள், அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு டிக் டிக் என்றது. சத்தத்தைத் தேடுகிறவள் எப்படி நடக்க வேண்டும் என்று அப்போதுதான் கவனித்தாள். குதிகாலைத் தூக்கி, மூச்சைப் பிடித்து, சொந்த வீட்டில் திருடியைப்போல. இவ்வளவு நாள் இந்த வீட்டில் அவள் சத்தம் போடுகிறவளாகத்தான் இருந்திருக்கிறாள், கேட்கிறவளாக இருந்ததில்லை. கேட்பது என்பது இப்படி உடம்பெல்லாம் வலிக்கிற வேலையா. அடுத்த வீட்டில் புதிதாக இன்வெர்ட்டர் போட்டிருக்கிறார்கள், அது கத்தும் என்று ஷீபா சொன்னது ஞாபகம் வந்து, பின்பக்கம் போய்ச் சுவருக்கு மேலாக, "மாரீசுவரி, ஏட்டி, ஒங்க இன்வெர்ட்டரு கத்துதா?" என்றாள். மாரீசுவரி துணி அலசிக்கொண்டிருந்தாள். "அது கத்தாது பெரியம்மா, எங்க மாமியாருதான் கத்தும். அதுக்கு சுவிட்சு கெடையாது" என்றாள். பிறகு, துக்க வீட்டுக்காரியிடம் இப்படிப் பேசலாமா என்று நினைத்தவள்போல நாக்கைக் கடித்துக்கொண்டு, ஈரக்கையைப் பாவாடையில் துடைத்தபடி இந்தப் பக்கம் வந்தாள். இரண்டுபேரும் கூடத்தின் நடுவில் நின்றார்கள். "எங்க?" "பொறு." நின்றார்கள். தெருவில் கோலப்பொடிக்காரர் போனார். "எனக்கு ஒண்ணும் கேக்கலயே பெரியம்மா." "இரு, இப்ப இழுக்கும்." இழுக்கவில்லை. மாரீசுவரியின் முகத்தில் முதலில் சிரிப்பு இருந்தது, பிறகு அது மெல்ல வடிந்து, மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்க்கிறமாதிரி ஒரு பார்வை வந்தது. "பிரசர் மாத்திரை போட்டியளா? எங்க சித்தப்பா செத்த பெறவு எங்க சித்திக்கும் இப்படித்தான், அடுப்படில யாரோ கரண்டி தட்டுற சத்தம் கேக்கும்பாவ. ஆறு மாசத்துல சரியாப் போச்சு." லில்லி, "மாத்திரை போட்டாச்சு, நீ போ, ஒனக்குத் துணி கெடக்கு" என்றாள். மாரீசுவரி வாசலைத் தாண்டியதும், அவளுக்காகவே மூச்சைப் பிடித்திருந்ததுபோல, அது இழுத்தது.

படுக்கையறை. இந்தத் தடவை காலில் கட்டின கயிற்றைப்போல அது அவளை நேராக இழுத்துக்கொண்டு போனது. ஒன்பது நாளாக அவள் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறாள். இந்த அறைக்குள் வந்தால் ஜன்னலோரத்து நாற்காலியைப் பார்க்க வேண்டும். அன்றைக்குக் காப்பி குடித்து முடித்து, பேப்பரை எடுத்துக்கொண்டு அவர் அதில்தான் உட்கார்ந்தார். பத்து மணிக்கு இட்லி எடுத்து வைத்துவிட்டுக் கையைத் தட்டினாள், திரும்பவில்லை. "ராசாவுக்கு ஊட்டி வேற விடணுமோ" என்றாள், திரும்பவில்லை. அவள் போக்கில் கீரை ஆய்ந்துகொண்டே அரைமணி நேரம் அவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். பதில் சொல்லாத மனுஷனோடு பதினோரு வருஷம் இருந்ததில், அவர் செத்துப்போனதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு அரைமணி நேரம் பிடித்தது. இதை அவள் ஷீபாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பேப்பர் மடியில் நழுவாமல் அப்படியே இருந்ததே, பிடித்துக்கொண்டே போய்விட்டாரே என்று எல்லாரும் நல்ல சாவு என்றார்கள். நல்ல சாவுதான். கேட்டிருக்காது. கீச்சு பீரோவுக்குள்ளிருந்து வந்தது. எலியா. எலி இப்படி ராகம் இழுக்காது. கதவைத் திறந்ததும் சத்தம் பருத்தது. அவர் தட்டில், மடித்த வேட்டிகளுக்குப் பின்னால், ஒரு பிஸ்கட் டப்பா. குளிப்பாட்டும்போது அவர் உடம்பிலிருந்து எடுத்ததையெல்லாம் கொழுந்தன் செல்லையா இதில்தான் போட்டு வைத்தார், "பெறகு சாவகாசமாப் பாருங்க மதினி" என்று. அவள் பார்க்கவில்லை. இப்போது கையில் எடுத்ததும் டப்பா உள்ளுக்குள் கீச்சிட்டது, உள்ளங்கை வரை அதிர்ந்தது. உயிர் உள்ளதைத் தொட்டமாதிரி பதறி, மூடியைப் பிடுங்கினாள். நின்றுவிட்டது. மூடினாள், இழுத்தது. திறந்தாள், நின்றது. ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தாள். மூக்குக்கண்ணாடி. கைக்கடிகாரம், அது சத்தமில்லாமல் சரியான மணி காட்டியது. கைக்குட்டையில் சுற்றின பல்செட். அடியில், புளியங்கொட்டை அளவில், தோல் நிறத்தில், அது.

காதுமிஷின். போன கிறிஸ்துமஸுக்கு ஷீபா அழைத்துக்கொண்டு போய் வாங்கிக் கொடுத்தது. அப்பா கூச்சப்படுகிறார் என்று, காதுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிற சின்ன ரகம், பக்கத்தில் உட்கார்ந்து உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு நாள் போட்டார். "நீ ஏனம் கழுவுறது இடி எறங்குற மாதிரி இருக்கு" என்றார், கழற்றிவிட்டார். அதோடு சரி என்று அவள் நினைத்தாள். நிம்மதியாகக்கூட இருந்தது, அந்த இரண்டு நாள் அவளுக்கு என்ன பேசுவதென்று தெரியாமல் வாய் நமநமவென்றிருந்தது. உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். வீலென்றது. விரித்தாள், மௌனம். தன் சத்தத்தையே தான் கேட்டுக் கத்துகிறது, மூடி வைத்தால் இப்படித்தான் கத்தும், அதனால் தூங்கப்போகும்போது இந்தக் குட்டிக் கதவைத் திறந்து வைத்துவிட வேண்டும் ஐயா, திறக்காமல் வைத்தால் பேட்டரி பத்துப் பன்னிரண்டு நாளில் தீர்ந்துபோகும் என்று அந்தக் கடைப்பெண் இரண்டு தடவை சொன்னாள், அவருக்காகச் சத்தமாக, லில்லிக்கும் கேட்கும்படி. கடுகளவு கதவு. லில்லி நகத்தால் அதைத் தொட்டுப் பார்த்தாள். மூடியிருந்தது. கிறிஸ்துமஸில் கழற்றி வைத்ததாக இருந்தால் பொங்கலுக்கு முன்னாலேயே இது செத்திருக்க வேண்டும். இது ஆடி மாதம். இன்றைக்கு ஒன்பதாம் நாள். ஒன்பது, பத்து, பன்னிரண்டு என்று விரல் தானாக மடக்கியது. அவள் மூளை அதற்குமேல் போக மாட்டேன் என்று முரண்டு பிடித்து நின்றது.

பேட்டரி அட்டைகள் இருக்குமே. ஷீபா நாலு அட்டை வாங்கிக் கொடுத்தாளே, ஒரு அட்டையில் ஆறு. அவை பிரிக்காமல் இருந்தால் போதும் கர்த்தாவே, ஒன்று பிரித்திருந்தாலும் போகட்டும். அவள் ஜெபம் பண்ணுகிறவளில்லை, சபைக்குப் போகிறவள் மட்டும்தான். வேட்டிகளை இழுத்துப் போட்டாள். மில்லில் கொடுத்த தோல்பையின் உள்ளறையில் ரப்பர் பாண்டு போட்டு அடுக்கி வைத்திருந்தார், மேஸ்திரி அல்லவா, காலி அட்டையைக்கூட வீசமாட்டார். மூன்று அட்டை முழுசும் வெறுமை. நாலாவதில் இரண்டு மிச்சம். பிரித்த ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் பேனாவால் தேதி. ஜனவரி மூன்று. ஜனவரி பதிமூன்று. இருபத்திரண்டு. மில் லாக் புத்தகத்தில் எழுதுகிற அதே சாய்ந்த எழுத்து. பிப்ரவரி, மார்ச், ஒரு தடவையைக்கூட விடவில்லை. கடைசித் தேதி அவர் போனதற்கு முந்தின நாள். அதாவது ஏழு மாதம். ஏழு மாதமாக இந்த மனுஷன் காதில் இதைச் செருகிக்கொண்டு, அவள் எதிரே உட்கார்ந்து, அவள் சிரித்த முகத்தைப் பார்த்துத் தானும் சிரித்துக்கொண்டு.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஏழு மாதமும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்து அவள்மேல் விழுந்தது. ஈரத்துண்டு. நாற்பது வருஷமாகக் கட்டிலில் போட்ட ஈரத்துண்டைப் பற்றிப் பொங்கல் கழிந்து ஒருநாள் அவள் ஒப்பாரியே வைத்தாள். அதற்குப் பிறகு துண்டு கொடியில்தான் கிடந்தது, வயசானதும் மனுஷனுக்குப் புத்தி வருகிறது என்று நினைத்தாள். "ஒரு நாளாவது நான் தின்னேனா பட்டினி கெடந்தேனான்னு கேட்டது உண்டா" என்று மாவு ஆட்டிக்கொண்டே சொன்னது எப்போது, பிப்ரவரியா. அப்போதிருந்து மத்தியானம் கை கழுவிவிட்டு வந்து நின்று, "சாப்ட்டியா லில்லி?" பதிலுக்குக் காத்திராமல், பதில் கேட்காதவர்போலப் போய்விடுவார். அவள் முதுகுக்குப் பின்னால் அழகுகாட்டியிருக்கிறாள். புத்தகம். ஐயோ, புத்தகம். "பி.ஏ. படிச்சவளைக் கட்டிக்கிட்டு வந்து ஒரு புஸ்தகம் வாங்கித் தந்த கை இருக்கா அது" என்று அவள் சொன்ன வாரம், சாயங்கால நடைக்குப் போனவர் பேப்பரில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். காடை வளர்ப்பு. அட்டையில் இரண்டு காடை. "எதுக்கு இது?" என்று சைகையால் கேட்டாள். "சும்மா. பிளாட்பாரத்துல கெடந்துச்சு" என்றார். அவருக்கு எந்தப் புத்தகம் என்று எப்படித் தெரியும். அட்டை அழகாக இருந்திருக்கும். அரிசி டிரம் ஆடுகிறது என்று அவள் அதை அடியில் சொருகி வைத்தாள், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. எவ்வளவு சொன்னாளோ அவ்வளவையும், சத்தம் காட்டாமல், கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல், ஒவ்வொன்றாகச் செய்து முடித்திருக்கிறார். சொன்னதில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. கடைசியாக அவள் சொன்னது என்ன. அவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னது என்ன. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையில்தான் அந்த மிஷின் இருந்தது, அது அவள் கன்னத்தோடு வீலென்று கத்தியது.

இன்னும் ஒன்று மிச்சமிருந்தது, மயிரிழை அளவுக்கு. அன்றைக்குக் காலையில் போடாமல் இருந்திருக்கலாம். இருமலில் உடம்பு முடியாமல் மேசைமேலேயே வைத்திருக்கலாம். குட்டிக்கதவை யாராவது கை பட்டு மூடியிருக்கலாம், செல்லையாவே மூடியிருக்கலாம், சுத்தக்காரர். ஏழு மாதம் கேட்டிருக்கட்டும், அந்த ஒருநாள், அந்த ஒரு வாக்கியம் மட்டும் கேட்காமல் இருந்தால் போதும், மற்றதையெல்லாம் அவள் சுமந்துகொள்வாள். கூடத்துக்குப் போய்ப் போனை எடுத்தாள். செல்லையா நாசரேத்தில் இருக்கிறார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க வேண்டாம் என்று நினைக்கும்போது எடுத்தார்.

"என்ன மதினி, ஷீபா போய்ட்டாளா? தனியாவா இருக்கிய?"

"போய்ட்டா. ஒண்ணு கேக்கணும். அண்ணன குளிப்பாட்டும்போது காதுல அந்த மிஷின் இருந்துச்சா?"

"இருந்துச்சே. வலது காதுல. நாந்தான எடுத்தேன். நல்லா உள்ள போயி உக்காந்துக்கிட்டு, நகத்த விட்டு எடுக்க வேண்டியதாப் போச்சு. ஏன், காணலயா? டப்பாவுக்குள்ள போட்டனே."

"இருக்கு."

"அதுக்குக் கதவு ஏதோ தெறந்து வைக்கணும்பாவ அண்ணன். அந்த நேரத்துல எனக்கு எங்க ஞாபகம்." அவர் கொஞ்சம் இருமினார். அண்ணனுடைய அதே இருமல், அடியிலிருந்து கிளம்பி மேலே வந்து உடைகிறது. "அப்ப ஒங்களுக்கு இப்பத்தான் தெரியுமா? நான் சொல்லிருக்கப்படாதோ?"

"என்னத்த?"

"லெந்து நோம்பு நாள்ல இங்க வந்திருந்தாவல்லா. எனக்கும் காது மந்தமாகுதுன்னேன். 'நீயும் ஒண்ணு வாங்குடே, மாட்டிக்கிட்டு வீட்ல உக்காந்தா நல்லாப் பொழுது போகும்'னாவ. 'லில்லி நாள் பூரா பேசுறாடே. இவ்வளவு நாள் இவ இம்புட்டு அழகாப் பேசுவான்னு தெரியாமப் போச்சே. மில்லுல நின்னு பாதி ஆயுசு அவ பேச்சக் கேக்காமலே கழிச்சிட்டேன்'னாவ. ஒங்கட்ட மட்டும் சொல்லிரப்படாதுன்னு கையப் புடிச்சுச் சொன்னாவ."

"ஏனாம்?"

"தெரிஞ்சா நீங்க பேசமாட்டியளாம். வீடு மறுபடி அமந்து போயிரும்னாவ." செல்லையா சிரித்தார், சிரிப்பின் முடிவில் மூக்கை உறிஞ்சினார். "அண்ணனுக்கு வேற என்ன மதினி ஆசை இருந்துச்சு."

அவர் இன்னும் ஏதோ சொன்னார், கல்லறைக்குச் சிலுவை அடிக்கிற ஆளைப் பற்றி. லில்லி உம் கொட்டினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. போனை வைத்துவிட்டுப் படுக்கையறைக்குத் திரும்பினாள், திருடிபோல நடக்காமல், சாதாரணமாக. ஜன்னலோரத்து நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அழகாகப் பேசுகிறாளாம். அவர் தாயைப் பேசினது, அவர் கையைப் பேசினது, அவர் மில்லை, அவர் மூச்சைப் பேசினது எல்லாம் அழகாம். அழகு என்று கேட்டுக்கொண்டிருந்த காதில்தான் அன்றைக்குக் காலையில் அவள் அதை ஊற்றினாள். அதையும் அழகாகத்தானே சொன்னாள், அந்த முகத்தோடு. சரி என்றாரே, எந்த சரி அது. வழக்கமான சரியா. அவள் காதுக்குள் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை, கடைக்குப் போய் வெங்காயம் வாங்கிக்கொண்டு வரச் சொன்னால் சொல்வாரே, எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டே, அந்த சரி.

உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோ இது கேட்டுக்கொண்டுதான் இருக்கும். கேட்கிறதுதான் அதன் வேலை, யார் காதில் இருந்தால் என்ன, எந்தக் காதிலும் இல்லாவிட்டால் என்ன. இந்த வீட்டில் இப்போது கேட்பதற்கு இருப்பது இது ஒன்றுதான். நான் தூக்கத்தைச் சொன்னேன், உங்களைச் சொல்லவில்லை என்று இதனிடம் சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம். பதினோரு வருஷம் ஓயாமல் ஆடிய வாய், இதற்கு மறுக்குமா. கையை உதட்டருகே கொண்டுபோனாள், மிக அருகில் போனால் கத்தும் என்று சாண் தூரத்தில் நிறுத்தினாள். வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது, உதடு குவிந்தது, மூச்சுகூட வந்தது. கேட்கிறார் என்று தெரிந்த முதல் நாள் இது. தெருவில் ஒரு சைக்கிள் போய் முடிகிறவரை அவள் வாய் திறந்தபடியே இருந்தது. கை வலித்தது, விரலை மட்டும் மூடாமல் வைத்திருந்தாள். அவர் நன்றாகத்தான் தெரிந்து வைத்திருந்தார். பேச்சு வரவில்லை.